ஜெபிக்கக் கொடுத்த தாள்

கர்த்தாவே, அவன் என்னிடம் அதை மட்டும் கேட்காமல் இருந்துவிடட்டும்.

அடுப்பங்கரையில் நின்றுகொண்டு பெர்சிஸ் இதைத்தான் திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடும் என்று வேண்ட அவளுக்கு வரவில்லை. தெரியாமலே போகட்டும் என்றுதான் வந்தது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, டீச்சர் தன் பெஞ்சைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அப்படி. பாளையங்கோட்டைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிற அவள் அந்தப் பிள்ளைகளை வருடம் தவறாமல் பார்த்துவருகிறாள். ஒருத்தரையும் தாண்டிப் போனதில்லை.

"அம்மா, அந்தத் தாளை எடுத்துட்டு வாங்க," என்று சாப்பாட்டு மேசையிலிருந்து ஹெப்ரான் குரல் கொடுத்தான்.

அவள் அடுப்பை அணைத்தாள். "எதுக்குப்பா?"

"போலீஸ்ல கேப்பாங்கள்ளா? பத்திரமாத்தான இருக்கு?"

"வச்ச இடத்துலதான் இருக்கு."

அது உண்மை. பீரோவின் உள்ளறையில், வீட்டுப் பத்திரத்துக்கு அடியில், நாலாக மடித்த அந்தத் தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள், மகனின் குண்டு குண்டான கையெழுத்தில். மேங்கோ, லேடர், விண்டர் என்று, அவள் பிள்ளைகளுக்கு டிக்டேஷன் போடுகிற வார்த்தைகள் போலத்தான் இருந்தன. ஒன்றுக்கொன்று உறவில்லாத, யாருக்கும் தீங்கு நினைக்காத வார்த்தைகள்.

அவற்றின் விலை என்னவென்று போன ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு முழுதாக விளங்கியது.

ஹெப்ரானுக்குக் கங்கைகொண்டானில் கம்ப்யூட்டர் வேலை. அது போக, வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கும் வேலை செய்து கொடுத்தான். அவர்கள் சம்பளத்தை ரூபாயாகத் தரவில்லை, கிரிப்டோ என்கிற இணையக் காசாகத் தந்தார்கள். அதை அவன் பாங்குக்குக் கொண்டுவராமல், விற்றும் வாங்கியும் போனில் இருந்த ஒரு வாலட்டிலேயே மூன்று வருடமாகச் சேர்த்துவைத்தான். மகாராஜநகரில் பார்த்துவைத்திருந்த வீட்டுக்கு அதுதான் முன்பணம். வாலட்டின் சாவி இந்தப் பன்னிரண்டு வார்த்தைகள். யார் கையில் இவை வரிசை மாறாமல் கிடைக்கின்றனவோ, அவர் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டும் திறந்து எடுத்துக்கொள்ளலாம். தடுக்க மேனேஜர் கிடையாது. போனதைத் திருப்பிக் கேட்க ஒரு ஜன்னலும் கிடையாது.

"போட்டோ எடுத்து வைக்கக் கூடாது, மெயில்ல வைக்கக் கூடாது, ஒருத்தர்கிட்டயும் காட்டக் கூடாது," என்று தாளைக் கொடுத்தபோது அவன் சொன்னான். "உலகத்துலயே பத்திரமான எடம் உங்க பீரோதாம்மா."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் போனைத் திறந்தவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். வாலட் துடைத்துவிட்டது போல் இருந்தது. பெயரில்லாத ஏதோ ஒரு முகவரிக்கு எல்லாம் போயிருந்தது.

தாள் எங்கும் போகவில்லை. அதன் படம்தான் போயிருந்தது. அனுப்பியவள் பெர்சிஸ்.

*

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சபைப் பெண்களின் ஜெபக் குழுவில் சங்கிலி ஜெபம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை முறைவைத்து யாராவது ஒருத்தி அவரவர் வீட்டில் முழங்காலில் நிற்பாள். சும்மா 'என் மகளுக்காக' என்று எழுதினால் ஜெபிக்கிறவர்களுக்கு மனம் ஒன்றாது என்று, குழுவில் எதையாவது படம் பிடித்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. ஹால்டிக்கெட், ஸ்கேன் ரிப்போர்ட், விசா, பெண் பார்க்க வரப்போகிற பையனின் போட்டோ. முன்பெல்லாம் அவற்றைக் கோயிலுக்கே எடுத்துப்போய்ப் பீடத்தின் முன் வைப்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் படம் போட்டால் போதும். ஒருத்தி தன் வீட்டுக்காரருக்கு எடுத்த சிறுநீரகக் கல்லைக் கையில் வைத்துப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். அறுபது பேரும் அந்தக் கல்லைப் பார்த்து ஜெபித்தார்கள்.

அந்த வாரம் ஏதோ கிரிப்டோ விலை சரிந்துவிட்டதென்று ஹெப்ரான் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்றான். அவன் வேலைக்குப் போன பிறகு அவள் பீரோவைத் திறந்தாள். தாளைக் கட்டில் மேல் விரித்துப் படம் பிடித்தாள். 'என் மகனின் உழைப்பு முழுவதும் இந்த வார்த்தைகளுக்குள் இருக்கிறது. கர்த்தர் காக்கும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிப் போட்டாள். ஆமென், ஆமென் என்று வரிசையாக வந்தது. கூப்பிய கைகள் வந்தன. பார்க்கப் பார்க்க நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஏதோ உறுத்தியது. படத்தை எல்லோரிடமிருந்தும் அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். கரும்பலகையைத் துடைத்தது போல் மறைந்துபோனது. அதோடு அதை மறந்தும் போனாள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

இரண்டு நாளாகியும் அவளால் சொல்ல முடியவில்லை. ஹெப்ரான் கத்துகிற பிள்ளையாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவன் கத்தமாட்டான். 'பரவால்லம்மா' என்பான். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள அவளிடம் இடமில்லை.

*

தாளை அவள் மேசைமேல் வைத்தாள். இஸ்ரவேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தான் எழுதிய புகார் மனுவை வாசித்துக்கொண்டிருந்தார். கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதுவதென்றால் அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

"'மேற்படி கைபேசியின் திரையை மாற்றும்பொருட்டு, மேலப்பாளையத்தில் கடை வைத்திருக்கும் முஹ்சின் என்பவரிடம், சென்ற சனிக்கிழமை காலை, திறக்கும் எண்ணையும் சொல்லி ஒப்படைத்தேன். அன்று மாலை வரை கைபேசி அவர் வசம் இருந்தது.' சரியாலே?"

"சரிப்பா." ஹெப்ரான் தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"'மேற்படி வார்த்தைகள் அடங்கிய தாள் என் தாயாரின் பொறுப்பில் இருந்தது. அவரைத் தவிர வேறெவரும் அதைப் பார்த்ததில்லை. எனவே மேற்படி முஹ்சின் மீதே சந்தேகம் கொள்கிறேன்.' இதுக்குக் கீழ நீ ஒரு கையெழுத்து, உங்க அம்மா ஒரு கையெழுத்து."

"என் கையெழுத்து எதுக்கு?" பெர்சிஸ் கேட்டாள்.

"தாள் உன்கிட்டதான இருந்துச்சு? அதை நீதான் சொல்லணும்."

முஹ்சின் என்பவர். மூன்றாம் வகுப்பில் அவளிடம் படித்தவன், ஹெப்ரானோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வந்து முறுக்குப் பிழிய உதவுகிறவன். ஒரே ராத்திரியில் 'என்பவர்' ஆகிவிட்டான்.

"அவன் அப்படிச் செய்யுத பிள்ளையாங்க?" என்றாள் பைய.

"நான் அவன்தான்னு சொல்லலையே. சந்தேகம்னுதான் எழுதியிருக்கேன். போன் யாருகிட்ட இருந்துச்சுன்னு கேட்டா வேற யாரைச் சொல்ல?"

ஹெப்ரான் நிமிர்ந்தான். "அப்பா, இதைக் குடுத்தா இன்கம்டாக்ஸ்ல கேப்பாங்கள்ளா?"

இஸ்ரவேல் மனுவை மேசையில் வைத்தார். ஜூலை மாதம் வந்தால் சபையிலுள்ள பாதி வாத்தியார்மார் தங்கள் சம்பளக் கணக்கோடு இந்த மேசைக்குத்தான் வருவார்கள். காசு வாங்கமாட்டார். ஒரு ரூபாய் விட்டுப்போனாலும் விடமாட்டார்.

"போன வருசம் உனக்கும் நான்தான போட்டேன். வேற வருமானம் உண்டாலேன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

"கிரிப்டோவுக்குன்னே அதுல தனிப் பகுதி இருக்கு. உண்டுமான்னு எனக்கே ஒரு வார்த்தை கேக்கத் தோணலை. எம் பையந்தானன்னு தள்ளிட்டுப் போயிட்டேன். ஊரான் கணக்கையெல்லாம் நோண்டி நோண்டிக் கேட்டவன்."

"எல்லாமே போயிட்டுப்பா. போனதுக்கு வரியா?"

"போனதுக்கு இல்லலே, வந்ததுக்கு. வித்து வித்து லாபம் பாத்தியே, அதுக்கு நூத்துக்கு முப்பது. திருட்டுப் போயிட்டுன்னு அதுல கழிச்சுக்க முடியாது. சம்பளமா வந்தது தனி. எல்லாத்தையும் திருத்திக் குடுப்போம். அபராதத்தோட கட்டுவோம்."

"எதை வச்சுப்பா?"

"என் டெபாசிட் ஒண்ணு கெடக்குலா? அது என்ன, தோட்டத்துல காய்க்கவா போவுது?"

சிரிப்பு வரவேண்டிய இடம். யாருக்கும் வரவில்லை. ஹெப்ரானின் காதுமடல் சிவந்துபோயிருந்தது. இந்த வீட்டில் இன்றைக்கு வெட்கப்படுகிறவள் தான் மட்டும் இல்லை என்று பெர்சிஸ் பார்த்தாள். ஆனால் அவன் தன் வெட்கத்தை மேசைமேல் வைத்துவிட்டான். அப்பா அதை எடுத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவளுடையது இன்னும் மடியில்தான் கிடந்தது.

வாசலில் வண்டி நிற்கும் சத்தம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த ஹெப்ரான் சட்டென்று எழுந்தான்.

"முஹ்சின். நான் இல்லன்னு சொல்லுங்கம்மா."

தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டான். இஸ்ரவேல் மனுவைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார்.

*

"டீச்சர்!" முஹ்சின் செருப்பைக் கழற்றிக்கொண்டே கூப்பிட்டான். முப்பது வயதாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் அவன் அந்த வார்த்தையை வகுப்பறையில் கையைத் தூக்கிக்கொண்டு சொல்வது போலத்தான் சொல்வான்.

"வா முஹ்சின். உள்ள வா."

"ஹெப்ரான் இருக்கானா? ரெண்டு நாளா போனை எடுக்கமாட்டேங்கான். நான் மாட்டுன டிஸ்ப்ளே பல்லைக் காட்டிட்டோன்னு பயந்துபோயிட்டேன்."

"அவன் வேலைக்குப் போயிட்டானே."

வாசலில் ஹெப்ரானின் பைக் நின்றது. கைப்பிடியில் ஹெல்மெட் தொங்கியது. முஹ்சின் அதைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"பஸ்ஸுல போயிருப்பான்," என்றான், அவளுக்கும் சேர்த்து.

அவள் தேநீர் போட உள்ளே போனாள். சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே இஸ்ரவேல் வழக்கத்துக்கு மாறாக வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு முஹ்சின் நிமிர்ந்தான். "என்ன டீச்சர், சீனியே போடலை? எனக்கு சுகர்னு யாரும் வதந்தி கெளப்பிட்டாங்களா?"

"மறந்துட்டேன்ப்பா. குடு."

"இருக்கட்டும் டீச்சர். சும்மா சொன்னேன்." தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டான். "ஒரு விசயமா வந்தேன். தோஹாவுல வேலை வந்திருக்கு. மச்சான் பாத்து முடிச்சிருக்கான். பாஸ்போர்ட் புதுசாக்கக் குடுத்தேன். நாளைக்கு ஸ்டேசன்ல இருந்து விசாரிக்க வாராங்க. நம்மளத் தெரிஞ்சவங்கன்னு ரெண்டு பேரு பேரைக் கேக்காங்க. ஒண்ணு ஹெப்ரான் பேரைக் குடுக்கலாம்னுதான் அவனைத் தேடுதேன். இல்லன்னா டீச்சர் பேரையே குடுத்துரட்டுமா? அரசாங்கச் சம்பளம், மரியாதைப்பட்ட பேரு. பையன் எப்படின்னு கேட்டா சொல்லுவீங்கள்ளா?"

இஸ்ரவேல் இருமினார்.

"சொல்லுவேன்," என்றாள் பெர்சிஸ்.

"மூணாங்கிளாஸ்ல சாக்பீஸ் தின்னதை மட்டும் சொல்லிராதீங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரிப்பதற்கு முகத்தை அசைத்தாள். அவன் சீனியில்லாத தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனான். பைக்கைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்று, வீட்டைத் திரும்பிப் பார்க்காமல், வண்டியை எடுத்தான்.

*

ஹெப்ரான் குளிக்கப் போனதும் அவள் புறவாசலுக்கு வந்தாள். இஸ்ரவேல் வாளியில் தண்ணீர் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நேற்று மழை பெய்திருந்தது. செடிக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

அவள் சொன்னாள். சங்கிலி ஜெபம், படம், ஆமென், அழித்தது, எல்லாம். தன் குரல் ஒரு பிள்ளையின் தவறைத் தலைமையாசிரியரிடம் சொல்லும் குரலாக இருப்பதை அவளே கேட்டாள். அந்தப் பிள்ளை வேறு யாரோ போல.

அவர் வாளியைக் கீழே வைத்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"குரூப்ல எத்தனை பேரு?"

"அறுபதுக்கு மேல இருக்கும்."

"ஐயரம்மாவும் உண்டா?" சபைப் போதகரின் மனைவியைத்தான் அவர் கேட்டார்.

"உண்டு."

குளியலறையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. உங்ககிட்டதான்."

"அப்போ சொல்லாத."

அவள் அவரைப் பார்த்தாள்.

"யோசிச்சுப் பாரு பெர்சி. இதைச் சொன்னா போலீஸ் அறுபது வீட்டுக் கதவையும் தட்டும். ஒவ்வொருத்தி போனையும் வாங்கிப் பாக்கும். ஜெபிக்க வந்தவளையெல்லாம் திருடியான்னு கேக்கும். பெறவு நாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போறது?"

"அப்போ முஹ்சின்?"

"அவன் செய்யலைன்னா விசாரிச்சு விட்டுருவாங்க. போனைப் பாத்தாத் தெரிஞ்சிரும்லா?"

"அவன் பாஸ்போர்ட்டு என்னங்க ஆகும்?"

"கொஞ்சம் தள்ளிப்போவும். அவ்வளவுதான." அவர் அவளைப் பார்க்காமல் ஒரு செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தார். "உன்னை யாரும் ஒரு சொல் சொல்லிரக் கூடாது. எனக்கு அதுதான் முக்கியம்."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். அரசாங்கத்துக்கு ஒரு ரூபாய் குறையக் கூடாது என்று தன் கடைசி டெபாசிட்டை உடைக்கிறவர். முஹ்சினுக்கு எவ்வளவு குறைந்தாலும் அது அவர் கணக்கில் வரவில்லை. ஏன் வரவில்லை? அறுபது பேரும் நம்முடையவர்கள், இவன் மேலப்பாளையத்துக்காரன், அதனாலா? கேட்டால் அவர் துடித்துப்போவார். அவள் கேட்கவில்லை. தனக்குள்ளும் அந்தக் கணக்கு இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவர் 'சொல்லாத' என்ற அந்த நொடியில் அவள் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியதே, அது எங்கிருந்து வந்தது?

அந்த நிம்மதிதான் இப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

*

சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஹெப்சிபா. ஜெபக் குழுவை நடத்துகிறவள். பாங்கில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள். மகன் கனடாவில்.

"ஸ்தோத்திரம்க்கா. போலீசுக்குப் போறீங்களாமே?"

"உனக்கு யாரு சொன்னா?"

"இஸ்ரவேல் அண்ணன் ஐயர்கிட்ட ஜெபிக்கச் சொல்லியிருக்காங்க. ஐயர் ஐயரம்மாகிட்டச் சொல்லியிருக்காங்க." ஹெப்சிபா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அன்னைக்கு ஒரு படம் போட்டு எடுத்தீங்களே. நான் பாத்தேன். அப்பவே கூப்பிட்டு ஏன்க்கா போட்டீங்கன்னு கேக்கணும்னு நெனச்சேன். என் மொறைக்கு நேரமாயிட்டுன்னு முழங்கால்ல நின்னுட்டேன்."

பெர்சிஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். சேலை மடிப்பு கையில் அப்படியே இருந்தது.

"நான் யாருகிட்டயும் சொல்லலை. நீங்களும் அங்கன அதைச் சொல்லவேண்டாம்க்கா. குரூப்புப் பேரு வெளிய வந்தா எல்லாருக்கும் அவமானம்."

"ஹெப்சிபா, குரூப்ல யாரோதான் எடுத்திருக்கணும்."

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அன்னைக்குச் சாயங்காலம் ஒரு நம்பரு குரூப்பை விட்டு வெளிய போயிருக்கு," என்றாள் ஹெப்சிபா. "யாருன்னு எனக்குத் தெரியும். கேக்காதீங்கக்கா. அந்த வீட்டுல இப்பதான் ஒரு கல்யாணம் முடிவாயிருக்கு."

போனை வைத்த பிறகும் பெர்சிஸ் எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமைக் காலை நினைவுக்கு வந்தது. இதுவரை அவள் தனக்குச் சொல்லிவந்த காலை இல்லை, நடந்த காலை. ஹெப்சிபா முதலில் தன் மகனின் கனடா குடியுரிமைக் கடிதத்தைப் போட்டிருந்தாள். அதற்கு வந்த வாழ்த்துகளை எல்லாம் பெர்சிஸ் ஒன்று விடாமல் வாசித்தாள். அதற்குப் பிறகுதான் பீரோவைத் திறந்தாள். என் மகன் கங்கைகொண்டானுக்கு வேலைக்குப் போகிறவன் மட்டும் இல்லை, அவனிடமும் நீங்கள் அறியாத பெரிதொன்று இருக்கிறது. இதைத்தான் அவள் படம் பிடித்துப் போட்டாள். ஜெபம் அதன் மேல் சுற்றிய தாள்.

இதை இஸ்ரவேலிடம் சொல்லவில்லை. எந்தப் போலீஸும் இதைக் கேட்கப்போவதில்லை. உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியவராத இந்தச் சின்ன விஷயம்தான், போன பணத்தைவிட, பொய்யைவிட, அவளை அதிகமாகக் குனியவைத்தது.

"பெர்சி, ஆட்டோ வந்துட்டு," என்று வாசலிலிருந்து இஸ்ரவேல் கூப்பிட்டார்.

*

சைபர் கிரைம் பிரிவில் அவர்களுக்கு முன்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஆன்லைனில் மாடு வாங்க முன்பணம் அனுப்பி ஏமாந்த ஒரு பெரியவர், மாட்டின் போட்டோவை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். "நல்ல மாடுதான் வே," என்றார் இஸ்ரவேலிடம். "படத்துல எந்தக் குறையும் இல்ல."

அவருக்கு வெட்கமே இல்லை. பெர்சிஸுக்குப் பொறாமையாக இருந்தது.

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஹெப்ரானின் வயதுதான் இருக்கும். மனுவை நிதானமாக வாசித்தாள். வாலட், எந்த நாள், எந்த முகவரி என்று ஹெப்ரானிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். வரி கட்டியிருக்கிறீர்களா என்று அவள் கேட்டபோது அவன் இல்லை என்றான். "கட்டிருவோம்மா. திருத்தின கணக்கு இந்த வாரமே குடுத்துருவோம்," என்று இஸ்ரவேல் முந்திக்கொண்டு சொன்னார். அவள் தலையசைத்தாள். அதையும் குறித்துக்கொண்டாள்.

"இந்த முஹ்சின் உங்க ஃப்ரெண்டுதானா?"

"ஆமா மேடம்."

"இதுக்கு முன்னால ஏதும் சண்டை, பண விவகாரம்?"

"இல்ல மேடம்."

"சரி. அவரைக் கூப்பிட்டு விசாரிச்சிருவோம். கடையில இருக்கிற போன், சிஸ்டம் எல்லாம் எடுத்துட்டு வந்துதான் பாக்கணும்." மனுவின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "அந்தத் தாளு யாருகிட்ட இருந்துச்சு?"

"என் மனைவிகிட்ட. வேற யாரும் பாக்கலை," என்றார் இஸ்ரவேல்.

"அவங்க சொல்லட்டும் சார்."

பெர்சிஸ் குனிந்து சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். சப்-இன்ஸ்பெக்டர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மனுவை அவள் பக்கம் திருப்பிவைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.

"வாசிச்சுப் பாத்துப் போடுங்கம்மா. அவசரமில்ல."

பெர்சிஸ் வாசித்தாள். கணவரின் கையெழுத்து எப்போதும் போல் அழகாக இருந்தது. 'அவரைத் தவிர வேறெவரும் அதைப் பார்த்ததில்லை.' ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். அதற்குக் கீழே தன் பெயரை எழுதினால், இன்று சாயங்காலத்துக்குள் மேலப்பாளையத்தில் ஒரு கடைக்கு முன்னால் ஜீப் நிற்கும். அந்தத் தெரு பார்த்துக்கொண்டிருக்கும். அவன் என்ன செய்தான் என்று அவன் பிள்ளைகளை யாராவது கேட்பார்கள்.

எழுதாவிட்டால், ஏன் எழுதவில்லை என்று இந்த அறையில் இப்போதே கேட்பார்கள்.

மேசைக்கு அடியில் இஸ்ரவேலின் கை அவள் முழங்கையைத் தொட்டது. அழுத்தவில்லை. தொட்டது மட்டும்தான். முப்பத்திரண்டு வருடமாக அவளை எந்தக் கூட்டத்திலும் விட்டுக்கொடுக்காத கை.

"போடுங்கம்மா," என்றான் ஹெப்ரான். அவன் குரலில் அலுப்பு இருந்தது. "எங்க போடணும்னு காட்டுதாங்கள்ளா? அங்கனதான்."

அவள் பேனாவை எடுத்தாள். மூடியை மாட்டினாள். சத்தம் வராமல் மனுவின் மேல் குறுக்காக வைத்தாள்.

"என்னம்மா, எழுதினதுல ஏதும் தப்பு இருக்கா?" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர்.

இஸ்ரவேல் கண்களை மூடிக்கொண்டார். ஹெப்ரான் முதலில் அப்பாவைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான். அவன் முகத்தில் அலுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, வேறேதோ வரத் தொடங்கியது.

"அம்மா? ஒரு கையெழுத்துதானம்மா."

"மாட்டேன்ப்பா," என்றாள் பெர்சிஸ்.